ஆதிரைக்கு மறுநாள் களி

பகவான் ரமண மகரிஷி மார்கழித் திருவாதிரையன்று பிறந்தவர் என்பது திருச்சுழியிலும் அருப்புக்கோட்டை வட்டாரத்திலும் எவரும் ஐயுறாமல் சொல்லும் செய்தி; ஆயினும் அவருடைய ஜயந்தி திருவாதிரையில் கொண்டாடப்படாமல், ஆண்டுதோறும் அதற்கு அடுத்த நட்சத்திரமாகிய புனர்பூசத்திலேயே கொண்டாடப்பட்டு வருகிறது. ஊர்வழக்கு ஒரு நாளைக் குறிக்க, வழிபாடு மற்றொரு நாளில் நிகழ்வதை வாய்மொழிச் செய்திகளில் இயல்பாக நேரும் பிசகு என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. அவ்வாறு ஒதுக்குவது தவறு என்பதும், அந்த ஒரு நாள் இடைவெளிக்குள்ளேதான் இவ்வட்டாரத்து நோன்பு வழக்கம் ஒன்றின் தடயம் கிடக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

தேடலுக்குத் தூண்டுகோலாக அமைந்தது ஓர் அரைகுறை நினைவு. அருப்புக்கோட்டையில் நெசவுத்தெரு ஒன்றை ஒட்டிய வீட்டில் வாழ்ந்து மறைந்த கட்டுரையாளரின் அப்பத்தா, திருவாதிரையன்று விடியுமுன் கிண்டிய களியில் ஒரு கையளவை வெண்கலக் கும்பாவில் எடுத்து, வாழையிலையால் மூடி, உறியில் ஏற்றிவிடுவார். மறுநாள் காலைவரை அதை எவரும் தொடக்கூடாது. மறுநாள் குளித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு அதை உருட்டிக் கொடுக்கும்போது ‘சாமி பொறந்த களி’ என்று அதற்குப் பெயர் சொல்லுவார். எந்தச் சாமி என்று கேட்டால் ‘திருச்சுழிச் சாமி’ என்பதே எப்போதும் கிடைத்த விடை. அந்த விடை இரண்டு பொருளுக்கு இடம் தருவது என்பது பிற்காலத்தில்தான் உறைத்தது. திருச்சுழிச் சாமி என்பது அவ்வூர்க் கோயிலில் துணைமாலையம்மனுடன் வீற்றிருக்கும் திருமேனிநாதரைக் குறிக்கலாம், அவ்வூரில் பிறந்த ரமணரையும் குறிக்கலாம். சிவனுக்குப் பிறப்பில்லை என்பது சைவத்தின் அடிப்படைக் கொள்கையாதலால் ‘பொறந்த’ என்ற சொல் ரமணரையே சுட்டுகிறது என்று முடிவுகட்டலாம் என்றாலும், அப்படியாயின் அவ்வழக்கம் ரமணருக்குப் பின் தோன்றியதா, அவருக்கு முன்பே இருந்த ஒன்று அவர் பெயரை ஏற்றுக்கொண்டதா என்ற கேள்வி எஞ்சுகிறது.

கேழ்வரகுக் களியும் கம்பங்களியும் அன்றாட உணவாக இருந்த இந்த மானாவாரி நிலத்தில், அதாவது மழையை மட்டுமே நம்பிப் பயிரிடும் நிலத்தில், திருவாதிரைக் களி தனித்து நிற்பதற்குக் காரணம் அது அரிசியால் ஆனது என்பதே. பச்சரிசியையும் சிறிது பாசிப்பருப்பையும் மணம் வரும்வரை வறுத்து, ரவைப்பதமாக உடைத்து, வெல்லப்பாகு கொதிக்கும் தண்ணீரில் கொட்டிக் கிண்டி, தேங்காய்த் துருவலும் நெய்யும் ஏலக்காயும் சேர்த்து இறக்கும் இக்களியை, ஏழு காய்களைச் சேர்த்து வைக்கும் குழம்போடு நடராசருக்குப் படைத்த பின், நோன்பிருக்கும் சுமங்கலிப் பெண்கள் தாலிச்சரடு மாற்றிக்கொண்டு உண்பார்கள். மணக்கோலம் கலையுமுன்பே கணவனை இழந்த பெண்ணொருத்திக்குப் பார்வதி அவனை மீட்டுத் தந்த நாள் இது என்று நோன்புக்கு ஒரு கதை சொல்லப்படுகிறது. களிக்குச் சொல்லப்படும் கதை வேறு.

அந்தக் கதையின் நாயகர் சேந்தனார். விறகு விற்று அடியவர்க்கு அமுதளித்து வந்த அவருக்கு ஒருநாள் அடைமழையால் விறகு நனைந்து விலைபோகாமல் போகவே, வீட்டிலிருந்த மாவைக் கொண்டு களி கிண்டி வைத்துக் காத்திருந்தார் என்றும், அடியவர் வேடத்தில் வந்து அதை உண்டவர் தில்லைக் கூத்தனே என்பது மறுநாள் சந்நிதியில் களி சிந்திக் கிடந்ததால் வெளிப்பட்டது என்றும், நகராமல் நின்ற தேர் அவர் திருப்பல்லாண்டு பாடியதும் ஓடியது என்றும் அக்கதை விரியும். களியின் பிறப்பிடத்தைத் தேடுபவர் எவரும் முதலில் இக்கதையின் வாசலில்தான் போய் நிற்க நேரும்; இத்தேடலும் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் அந்த வாசலிலேயே நின்றது.

நின்றதற்குப் பயன் கிடைக்கவில்லை. சேந்தனார் அறுபத்து மூவருள் ஒருவர் அல்லர். ஆகவே பெரிய புராணத்தில் அவருக்கெனத் தனி வரலாறு இல்லை. அவர் பாடல்கள் ஒன்பதாம் திருமுறையில் திருவிசைப்பாவாகவும் திருப்பல்லாண்டாகவும் நிற்கின்றன; கதையின் உச்சமாகிய தேர் நிகழ்ச்சியோடு இணைக்கப்படும் திருப்பல்லாண்டின் பதின்மூன்று பாடல்களையும் எழுத்தெண்ணிப் படித்தாலும் அங்கே களி இல்லை, விறகு இல்லை, மழை இல்லை. ஆதிரை நாள் அதில் இருக்கிறது. பாலுக்கு அழுத குழந்தைக்குப் பாற்கடலையே ஈந்த செய்தியும் இருக்கிறது. உணவு தரும் இறைவன் இருக்கிறானே தவிர, உணவு பெற்ற இறைவன் இல்லை. இதற்கும் முற்பட்ட சான்றுகளை நாடினால், திருநாவுக்கரசர் திருவாரூரில் கண்ட ஆதிரை விழாவைச் சிறப்பித்து ஒரு பதிகம் முழுவதையும் பாடியிருக்கிறார். திருஞானசம்பந்தர் மயிலாப்பூரின் திருவிழாக்களை வரிசைப்படுத்தும்போது ஆதிரையையும் கூறுகிறார். ஆக, 7ஆம் நூற்றாண்டில் விழா இருந்தது உறுதி. அதற்கும் பின்னே சென்றால், பரிபாடலின் பதினொன்றாம் பாட்டு, ஆதிரையோடு கூடிய மார்கழி முழுநிலா நாளில் முதுபெண்டிர் முறை காட்டக் கன்னியர் விடியற்காலைப் பனியில் வையையில் நீராடிய ‘அம்பா ஆடல்’ என்னும் நோன்பைக் காட்டுகிறது. வையை என்பது இவ்வட்டாரத்துக்கு எட்டாத ஆறன்று. குண்டாற்றங்கரைத் திருச்சுழியிலிருந்து மதுரை ஏறக்குறைய முப்பது மைல்தான். பெண்களின் வைகறை நீராட்டும் மூத்தாள் ஒருத்தியின் வழிகாட்டலும் மிகப் பழமை உடையவை என்று மகிழலாம். ஆனால் நீராடி முடித்த பெண்கள் என்ன உண்டார்கள் என்பதை அப்பாட்டு சொல்லவில்லை. ஏட்டிலிருந்து அடுப்புக்குச் செல்லும் வழி இங்கே அடைபட்டது.

வழியைத் திறந்துவிட்டவர் திருச்சுழிக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்ந்த, எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர். அவரைத் திறந்த மனத்தோடு விடையளித்தவர் என்று சொல்வதற்கில்லை. முதல் இரண்டு சந்திப்புகளிலும் அவர் எந்தக் கேள்விக்கும் நேராக விடை தரவில்லை, சேந்தனார் கதை அவர் முன் விரிவாக எடுத்துச் சொல்லப்பட்டபோது முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவரு யாரு தம்பி? களி கிண்டுறது பொம்பளைக” என்று மட்டும் சொன்னார். குழம்புக்கு எந்தக் காய் ஆகும், எது ஆகாது என்பதில்தான் அவர் அக்கறையெல்லாம் இருந்தது. வெள்ளைப் பூசணி, சர்க்கரைப் பூசணி, அவரை, மொச்சை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி என்று ஏழையும் விரல்விட்டு எண்ணிக்காட்டிய அவர், உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் சேர்த்து ஏழு கணக்குக் காட்டும் இக்கால வழக்கத்தை நோன்பு என்றே ஏற்கவில்லை. அவர் எண்ணிய காய்களில் பெரும்பாலானவை கார்த்திகை மழைக்குப் பின் கூரைமேலும் வேலியிலும் கொல்லையிலும் கிடைப்பவை, விலைகொடுத்து வாங்க வேண்டாதவை என்பது கவனத்துக்கு வந்தபோதுதான், களி அரிசியைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

மூன்றாம் சந்திப்பில் அரிசியைப் பற்றிக் கேட்கப்பட்டதும் ஆச்சி தயங்காமல் பேசினார். “புது நெல்லுல களி கிண்ட முடியாது, கொழகொழன்னு போயிரும். குதிருக்குள்ள கெடக்கிற பழசுதான் வேணும். பழசுல நொய்யா ஒடஞ்சு கெடக்கும், அத வறுத்துருவோம்” என்றார். குதிர் என்பது தானியம் சேமிக்க மண்ணால் செய்து வீட்டுக்குள் நிறுத்தப்படும் உயர்ந்த கலம். நொய் என்பது உடைந்த அரிசி. மார்கழி இவ்வட்டாரத்தில் கதிர் முற்றும் மாதமே ஒழிய வீட்டுக்கு வரும் மாதமன்று. மானாவாரிக் கம்பும் சோளமும் மல்லியும் பனியில் நின்றுகொண்டிருக்கும், கண்மாய்ப் பாசன நெல் தையில்தான் களத்துக்கு வரும். அதாவது திருவாதிரை, பழைய தானியம் குதிரின் அடியைத் தொட்டும் புதியது இன்னும் கைக்கு வராமலும் இருக்கும் நெருக்கடியில் விழும் நாள். தையில் புத்தரிசியை உடைக்காமல் முழுதாகப் பொங்குகிறார்கள். மார்கழியில் பழைய அரிசியை வறுத்து, உடைத்து, களியாக்குகிறார்கள். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், களி என்பது குதிரைத் துடைத்து எடுக்கும் சமையல், பொங்கல் அதை நிரப்பும் சமையல் என்பது விளங்கும். சேந்தனார் கதையில் வரும் மழையும் விலைபோகாத விறகும் எஞ்சிய மாவும் இவ்விடத்தில் புதிய பொருள் பெறுகின்றன. அக்கதை களியின் பிறப்பைச் சொல்லவில்லை என்றாலும், களி பிறந்த வறுமையை மறக்காமல் சொல்கிறது. ஏட்டில் சான்று இல்லை என்று அக்கதையை ஒன்றரை ஆண்டுகள் குறையாகவே மதித்தது சரியன்று.

குளிர்காலத்துப் புனிதர் ஒருவரின் நாளில் தானியத்தை எளிய முறையில் சமைத்துண்பது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியின் சிசிலித் தீவில் டிசம்பர் 13 அன்று, சிராக்கூசா நகரில் 304ஆம் ஆண்டளவில் உயிர்த்தியாகம் செய்ததாகக் கருதப்படும் புனித லூசியாவின் திருநாளில், மக்கள் ரொட்டி முதலிய மாவுப் பண்டங்களை விலக்கி, முழுக் கோதுமையை வேகவைத்து இனிப்பிட்ட ‘குச்சீயா’ என்னும் உணவை உண்கிறார்கள். 1646இல் பஞ்சத்தால் தவித்த தீவுக்குத் தானியக் கப்பல் வந்து சேர்ந்தபோது, அரைக்கக்கூடப் பொறுக்காமல் அவித்துத் தின்றதன் நினைவு அது என்று அங்கே சொல்லப்படுகிறது. ஒளி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லோடு தொடர்புடைய பெயரைக் கொண்ட லூசியா, கண்பார்வையைக் காப்பவராகவும் வணங்கப்படுகிறார். சுவீடனில் அந்நாளில் இளம்பெண்கள் தலையில் மெழுகுவத்திக் கிரீடம் சூடி விடியற்காலையில் ஊர்வலம் வருகிறார்கள். அவருடைய நாளிலும் ஓர் இடைவெளி உண்டு. 14ஆம் நூற்றாண்டளவில் டிசம்பர் 13 ஆண்டின் மிக நீண்ட இரவோடு ஏறக்குறைய ஒன்றியிருந்தது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி நாட்காட்டியிலிருந்து பத்து நாட்களை நீக்கியபோது புனிதரின் தேதி அதே இடத்தில் நிற்க, நீண்ட இரவு டிசம்பர் 21க்கு நகர்ந்துவிட்டது. ஆயினும் சுவீடனின் ஊர்ப்புறங்களில் லூசியா இரவே ஆண்டின் நீண்ட இரவு என்ற நம்பிக்கை பல தலைமுறைகளுக்கு நீடித்தது. நாட்காட்டி திருத்தப்பட்ட பின்பும் மக்கள் நினைவு பழைய நாளைப் பற்றிக்கொண்டிருக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. திருச்சுழியின் ஒரு நாள் இடைவெளியைப் பிழை என்று கருதாமல் கணக்கிட்டுப் பார்க்கும் துணிவை இதுவே தந்தது.

கணக்கு இது. நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் குறிப்பது சந்திரன் செல்லும் வான்வழியின் இருபத்தேழு பகுதிகளுள் ஒன்றை. ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை அளவுடையது. சந்திரன் ஒரு பகுதியைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், ஆனால் அந்த ஒரு நாள் சூரிய உதயத்தில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பிரமாதி ஆண்டு மார்கழி 16, திங்கட்கிழமை, ஆங்கிலக் கணக்கில் 1879 டிசம்பர் 29 அன்று திருச்சுழியில் ஆருத்திரா தரிசனம் என்னும் திருவாதிரை விழா நிகழ்ந்தது. முழுநிலா அதற்கு முந்தைய இரவிலேயே கழிந்துவிட்டது. அன்று விடியலில் திருவாதிரை நட்சத்திரம் இருந்ததால் தரிசனம் அன்றைக்கு உரியதாயிற்று. பகல் ஏறுவதற்குள் சந்திரன் திருவாதிரையைக் கடந்து புனர்பூசத்துள் நுழைந்துவிட்டது. நடராசத் திருமேனி பகலும் இரவில் ஒரு பகுதியும் வீதிகளில் உலா வந்து கோயிலுக்குள் மீண்டும் எழுந்தருளிய வேளையில், இரவு ஒரு மணிக்கு, ஊரில் வக்கீல் தொழில் செய்துவந்த சுந்தரமய்யருக்கும் அழகம்மாளுக்கும் பின்னாளில் ரமணராக அறியப்பட்ட வேங்கடராமன் என்னும் குழந்தை பிறந்தது. உதயம் முதல் உதயம் வரை ஒரு நாள் என்னும் தமிழ்க் கணக்கில் அது இன்னும் திருவாதிரைத் திங்கட்கிழமைதான், உதயத்துக்குப் பின் ஏறக்குறைய 46 நாழிகை. நள்ளிரவில் நாள் மாறும் ஆங்கிலக் கணக்கில் டிசம்பர் 30, செவ்வாய்க்கிழமை. சந்திரன் நின்ற இடத்தைக் கொள்ளும் சாதகக் கணக்கில் புனர்பூசம். ஊரார் விழாவைக் கொண்டு நாளைச் சொன்னார்கள், சோதிடர் சந்திரனைக் கொண்டு சொன்னார்கள். இருவர் சொன்னதும் உண்மை.

அந்த இரவைப் பற்றி வரலாற்று நூல்கள் தரும் மற்றொரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். பிறப்பின்போது அருகிலிருந்த, பார்வை குன்றிய மூதாட்டி ஒருத்தி குழந்தையைச் சூழ்ந்து ஓர் ஒளியைக் கண்டதாகச் சொன்னாள் என்பது அது. லூசியாவின் கதையிலும் ஒளியும் பார்வையும் நீண்ட இரவும் சேர்ந்தே வருவதால் இரண்டுக்கும் பொதுவான ஒரு மூலத்தைத் தேடும் ஆசை எழுவது இயற்கை. அவ்வாசைக்கு இடங்கொடுக்க இக்கட்டுரை விரும்பவில்லை. இருள் மிகுந்த பருவத்தில் பிறக்கும் ஒருவரைப் பற்றி எந்த ஊரிலும் பெண்கள் ஒளியைக் கொண்டே பேசுவார்கள். அதற்குக் கடல் கடந்த தொடர்பு வேண்டுவதில்லை.

பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கனுள் ஒன்றாகிய திருச்சுழிக்கு வேறொரு பழமையான இயல்பும் உண்டு. பிரளய வெள்ளத்தை இறைவன் சுழித்துப் பூமிக்குள் இறக்கிய இடம் என்பது தலபுராணம் தரும் பெயர்க்காரணம்; பெரிய புராணமோ, திருச்சுழியலில் துயின்ற சுந்தரர் கனவில் கையில் செண்டும் முடியில் சுழியமும் கொண்டு தோன்றிய இறைவன், தான் இருக்கும் இடம் கானப்பேர் என்று, அதாவது இன்றைய காளையார்கோவில் என்று, சொல்லி மறைந்ததாகக் கூறுகிறது. தன்னிடம் வந்தவனை மற்றோர் ஊருக்கு வழிகாட்டி அனுப்பிய தலம் இது; இங்கே பிறந்த வேங்கடராமனும் தந்தை 1892இல் மறைந்தபின் திருச்சுழி வாழ்வை விட்டு மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்து, 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்து, 1950இல் மறையும்வரை அங்கிருந்து நீங்கவேயில்லை.

இனிக் களிக்குத் திரும்பலாம். ரமணரின் பிறந்தநாளை அன்பர்கள் முதன்முதலாகக் கொண்டாடியது 1912இல், விரூபாட்ச குகையில் என்பதும், பிறந்தநாள் கொண்டாட்டத்தில் அவருக்கு உடன்பாடு இருக்கவில்லை என்பதும் பதிவான செய்திகள். ஆகவே புனர்பூசத்தன்று அவர் பெயரால் களி உண்ணும் வழக்கம் எதுவும் அதற்கு முன் இருந்திருக்க இயலாது. எனினும் களியை மறுநாளுக்கு எடுத்துவைப்பது அதற்கும் முந்தியது என்பதற்கு ஆச்சியின் சொல்லே ஆதாரமாக நிற்கிறது. மறுநாள் களி அவர் வீட்டிலும் இருந்திருக்கிறது; அவருடைய பாட்டி காலத்திலேயே இருந்ததாக அவர் உறுதியாகச் சொன்னார். காரணமாக அவர் கூறியது ரமணரை அன்று. “சாமி ஊரச் சுத்தி வந்து உள்ள நுழையிற வரைக்கும் வீட்டுல களி இருக்கணும். எல்லாத்தையும் வழிச்சுத் தின்னுட்டா, சாமி நடுத்தெருவுல நிக்கிறப்ப நம்ம பான காலியா இருக்கும். அது நல்லாருக்குமா?” என்று கேட்டார். எடுத்துவைத்த களிக்கு அவர் வீட்டில் வழங்கிய பெயர் ‘சாமி நொழஞ்ச களி’.

நுழைந்த களி, பிறந்த களி என்னும் இரண்டு பெயர்களுக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. உலா சென்ற திருமேனி நள்ளிரவுக்குப் பின் கோயிலுக்குள் நுழையும் வேளைக்காகப் பெண்கள் காத்துவைத்த ஒரு கைக் களி, அதே வேளையில் கோயிலருகே ஒரு குழந்தை பிறந்து, அக்குழந்தை பின்னர் மகரிஷியாக அறியப்பட்டதும், அவருடைய நாளுக்கு உரிய உணவாகத் தானே பொருந்திக்கொண்டது. யாரும் திட்டமிட்டு மாற்றவில்லை, ஒரு வினைச்சொல் மட்டும் மாறியது. பிள்ளைகள் எந்தச் சாமி என்று கேட்டபோது ‘திருச்சுழிச் சாமி’ என்று அப்பத்தா சொன்ன விடையை மழுப்பல் என்று கருதியதே இத்தேடலின் முதல் தவறு. அவர் இருவரையும் சேர்த்துத்தான் சொன்னார் என்பதே இப்போது ஏற்கத்தக்க முடிவாகப் படுகிறது.

இம்முடிவு இரண்டு வீடுகளின் வழக்கத்தை மட்டும் கொண்டு எட்டப்பட்டது. அந்த இரண்டு வீடுகளிலும் இன்று மறுநாளுக்குக் களி எடுத்துவைப்பார் இல்லை. திருச்சுழி, நரிக்குடி, பந்தல்குடி, காரியாபட்டி, பாலவநத்தம் பக்கங்களில் எந்த வீட்டிலாவது ஆதிரைக்கு மறுநாள் உண்ணக் களி மூடிவைக்கப்படுமானால், அதற்கு அவ்வீட்டுப் பெண்கள் வழங்கும் பெயரையும், சேர்க்கும் காய்களின் பெயர்களையும், அவர்கள் சொல்லும் உச்சரிப்பு மாறாமல், கிண்டும் கை இருக்கும்போதே எழுதி வைக்குமாறு இக்கட்டுரை வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறது.